கணிதமும் வாழ்வின் பயனும்

"இதைப் படித்து என்ன பயன்?"

விஞ்ஞானம் பயிலும் தமிழ் மாணவர் எவரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. மருத்துவம் படிப்பவரை யாரும் இவ்வாறு கேட்பதில்லை. கணிப்பொறி படிப்பவரையும் கேட்பதில்லை. கணிதமோ தத்துவமோ படிப்பவரைத்தான் தாராவியில் உறவினரும், மாதுங்காவில் கடைக்காரரும், செம்பூரில் அடுத்த வீட்டுப் பெரியவரும் தவறாமல் கேட்கின்றனர். அறியாமையால் கேட்கின்றனர் என்று நகைத்துவிட்டுப் போவது எளிது. ஆனால், ஊரை விட்டு ரயிலேறி வந்து, தோல் பதனிடும் கொட்டகையிலும் இட்லிக் கடையிலும் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஒரு சமுதாயம் 'பயன் என்ன?' என்று கேட்பதில் தவறென்ன? அது உரிமையோடு கேட்கப்படும் கேள்வி. அதற்கு நேர்மையான விடை கூறும் கடமை நமக்கு உண்டு.

நம்மிடம் ஆயத்தமாக இரண்டு விடைகள் இருக்கின்றன. "கணிதம் படித்தால் வங்கியிலோ, காப்பீட்டு நிறுவனத்திலோ, கணிப்பொறி நிறுவனத்திலோ நல்ல சம்பளத்தில் வேலை கிடைக்கும்" என்பது ஒன்று. "கணிதம் பயனைக் கருதிப் படிப்பதன்று, அது அறிவின் சிகரம், சொன்னால் உங்களுக்குப் புரியாது" என்பது மற்றொன்று. முதல் விடை கணிதத்தை ஏணியாக்குகிறது. ஏறி முடித்தவருக்கு ஏணி எதற்கு? இரண்டாவது விடை கணிதத்தைக் கோபுரக் கலசமாக்குகிறது; அண்ணாந்து பார்க்கலாம், தொட முடியாது. இவ்விரண்டும் போதா என்பது என் கருத்து. மூன்றாவது விடை ஒன்று உண்டு. கணிதத்திற்கே வாழ்வை அளித்து முதுமை எய்திய சிலரின் எண்ணங்களிலும் செயல்களிலும் அதைத் தேடிப் பார்ப்போம்.

முதலில் ஹார்டி. இராமானுஜனை உலகுக்குக் காட்டியவர் என்ற முறையில் தமிழர் அனைவரும் அறிந்த பெயர் இது. 1877இல் பிறந்த இந்தக் கேம்பிரிட்ஜ்ப் பேராசிரியர், தம் 63ஆம் வயதில், 1940இல், ஒரு சிறு நூல் வெளியிட்டார். கணித அறிஞர் ஒருவரின் நியாயவுரை என்று அதன் பெயரைத் தமிழில் கூறலாம். அதற்கு முந்திய ஆண்டு அவருடைய இதயம் நோயுற்றிருந்தது. பேராசிரியர் பதவியிலிருந்து விலக இரண்டே ஆண்டுகள் எஞ்சியிருந்தன. புதிய தேற்றங்களைக் காணும் ஆற்றல் தம்மை விட்டு நீங்கிவிட்டது என்பதை அவர் உணர்ந்திருந்தார். 'நான் வாழ்ந்த வாழ்வுக்குப் பொருள் உண்டா?' என்று தம்மைத் தாமே கூண்டில் ஏற்றி வினவிக்கொண்டதன் விளைவே அந்த நூல். கணிதத்தைப் பற்றிக் கணித அறிஞர் எழுதிய நூல்களுள் இதனினும் புகழ் பெற்றது அரிது.

அவர் கூறுவன சுருக்கமாக இவை. கணிதம் ஒரு கலை. கவிஞன் சொற்களால் செய்வதைக் கணித அறிஞன் கருத்துக்களால் செய்கிறான். அழகற்ற கணிதம் நிலைக்காது. கணித உண்மைகள் நம் மனத்தின் படைப்பு அல்ல. அவை நமக்கு வெளியே இருக்கின்றன. நாம் அவற்றைக் கண்டு குறிக்கிறோம், அவ்வளவே. உயர்ந்த கணிதத்திற்கு நடைமுறைப் பயன் எதுவும் இல்லை. ஆதலின் அதனால் கேடும் இல்லை. கணிதம் இளமைக்கு உரியது. வயது ஏறினால் படைப்பாற்றல் குன்றும். இறுதியாக, படைப்பதே முதல்தரமான தொழில். பிறர் படைத்ததை விளக்குவதும் போற்றுவதும் இரண்டாம் தர அறிவினர் செய்யும் வேலை.

இவற்றுள் சிலவற்றைத் தலைவணங்கி ஏற்கலாம். கணிதம் அழகுடையது என்பதற்கு ஹார்டியே எடுத்துக்காட்டிய பழைய நிரூபணம் ஒன்று சாலும். தன்னாலும் 1ஆலும் அன்றி வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண்கள் பகா எண்கள்: 2, 3, 5, 7, 11, 13 என்று அவை தொடரும். இந்தத் தொடர் எங்கேனும் முடிகிறதா? முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இருக்கும் பகா எண்கள் அனைத்தையும் பெருக்குவோம். வந்த விடையோடு 1 கூட்டுவோம். இப்புதிய எண்ணை நம் பட்டியலில் உள்ள எந்தப் பகா எண்ணால் வகுத்தாலும் 1 மீதி நிற்கும். ஆனால் 1ஐக் காட்டிலும் பெரிய எந்த எண்ணையும் ஏதேனும் ஒரு பகா எண் வகுத்தே தீரவேண்டும். எனவே, பட்டியலில் இடம் பெறாத பகா எண் ஒன்று இருந்தாக வேண்டும். முடிந்துவிட்டது என்று சொன்ன பட்டியல் முடியவில்லை! சான்றாக, 13 வரையுள்ள பகா எண்களைப் பெருக்கினால் 30030. ஒன்று கூட்டினால் 30031. அது 59ஐயும் 509ஐயும் பெருக்கி வந்தது. இரண்டும் நம் பட்டியலில் இல்லாதவை.

ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன் யூக்ளிட் எழுதி வைத்தது இது. பேரரசுகள் வீழ்ந்தன, மொழிகள் மறைந்தன, இந்த நிரூபணத்தில் ஒரு கல்கூடப் பெயரவில்லை. இதில் அழகு இல்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

ஹார்டி கூறியவற்றுள் காலம் பொய்யாக்கியதும் உண்டு. தாம் செய்த எதற்கும் பயன் இல்லை என்பதில் அவர் ஒருவகைப் பெருமையே கொண்டார். ஆனால், 1908இல் அவர் போகிற போக்கில் எழுதிய சிறு குறிப்பு ஒன்று, ஹார்டி–வைன்பெர்க் விதி என்ற பெயரில், மரபியல் மாணவர்க்கு முதற்பாடமாகிவிட்டது. எண் கோட்பாடு போருக்கோ வணிகத்திற்கோ உதவாது என்று அவர் நம்பினார். 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் ஆகிய மூவர் பெரிய பகா எண்களைக் கொண்டே செய்திகளைப் பூட்டும் முறையை அமைத்தனர். இன்று கைப்பேசிக்குள் ஓடும் செய்திகளையும் பணத்தையும் காப்பது இத்தகைய எண் கணிதமே. தாராவியில் தேநீர் குடித்துவிட்டுக் கைப்பேசியால் காசு கொடுப்பவர், தம்மை அறியாமலே எண் கோட்பாட்டைப் பயன்படுத்துகிறார்.

"பார்த்தீர்களா, பயன் இருக்கிறதே!" என்று இத்துடன் வாதத்தை முடித்துக்கொள்ளலாமா? கூடாது. 2000 ஆண்டுகளுக்குப் பின் பயன்படும் என்று எண்ணியா யூக்ளிட் எழுதினார்? என்றோ ஒருநாள் யாருக்கோ உதவலாம் என்பது, இன்று படிக்கும் மாணவரின் வாழ்வுக்குப் பொருள் தராது. பரிசுச் சீட்டில் பணம் விழுந்தவனைக் காட்டிச் சீட்டு வாங்குவதை அறிவுடைமை என்று வாதிடுவது போன்றது அது. பயன் வருமாயின் வரவேற்போம். அதனை அடிக்கல்லாகக் கொள்ள வேண்டா.

ஹார்டியோடு நான் அடியோடு மாறுபடும் இடம் வேறு. படைப்பவன் ஒருவனே உயர்ந்தவன், படைக்கும் ஆற்றல் போன பின் வாழ்வில் மிஞ்சுவது வெறுமை என்ற அந்த முடிவு இருக்கிறதே, அதை ஏற்க இயலாது. இது ஏதோ ஒரு முதியவரின் மனத்தளர்ச்சி என்று ஒதுக்கிவிடவும் இயலாது. ஏனெனில், அது உண்மையானால் நம் நிலை என்ன? இம்மன்றத்து உறுப்பினருள் நாளை புதிய தேற்றம் காண்பவர் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணவும் விரல் மிஞ்சும். ஏனையோர் கணிதத்தை இன்றே மூட்டை கட்டிவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டியதுதான். பள்ளிக்கூடத்தில் கணிதம் கற்பிக்கும் பல்லாயிரம் ஆசிரியரின் வாழ்வும் இரண்டாந்தர வாழ்வாகிவிடும்.

ஆனால், கணிதத்தின் இயல்பே இந்த முடிவை மறுக்கிறது. எவரெஸ்டில் ஏறியவர் வேறு. ஏறிய கதையைப் படித்தவர் வேறு. படித்தவர் சிகரத்தில் நிற்பதில்லை. கணிதமோ அப்படியன்று. மேலே கூறிய நிரூபணத்தைத் தாராவியின் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி புரிந்துகொள்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யூக்ளிட் நின்ற அதே இடத்தில் அவளும் நிற்கிறாள். அவர் கண்டது முழுவதையும் அவளும் காண்கிறாள். ஆசிரியர் சொன்னார் என்பதற்காக அவள் நம்ப வேண்டுவதில்லை; நூலில் அச்சிட்டிருக்கிறது என்பதற்காகவும் நம்ப வேண்டுவதில்லை. அரசனே வந்து 'பகா எண்கள் முடிந்துவிட்டன' என்று ஆணையிட்டாலும், 'இல்லை. காரணம் இது' என்று அவள் எதிர்நின்று கூறலாம். எந்தச் செல்வமும் தராத ஓர் உரிமையைக் கணிதம் அவளுக்குத் தந்துவிட்டது. கண்டுபிடித்தவர் முதலில் கண்டார். இவள் பின்னால் கண்டாள். காலத்தில் வேறுபாடு உண்டு. காட்சியில் வேறுபாடு இல்லை.

எனவே, கணிதத்தின் உயிர் படைப்பில் மட்டும் இல்லை, புரிதலில் இருக்கிறது. புரிதலை ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சேர்ப்பவர் கணிதத்தின் வேலைக்காரர் அல்லர். அதன் உயிரைக் காப்பவர்.

வியப்பு என்னவென்றால், ஹார்டியின் நூலே இதற்குச் சான்று பகர்கிறது. மனம் சோர்ந்த வேளையில் தமக்கு ஆறுதலாக நிற்பது எது என்று அவர் நூலின் இறுதியில் கூறுகிறார். தாம் நிறுவிய தேற்றம் ஒன்றையும் அவர் குறிப்பிடவில்லை. லிட்டில்வுட், இராமானுஜன் ஆகிய இருவரோடும் ஏறத்தாழச் சமமாக நின்று உழைத்தோம் என்பதே அவருடைய ஆறுதல். அதாவது, அந்தப் பெருமைமிக்க தனியனும் கடைசியில் கைப்பற்றியது தோழமையைத்தான்.

இராமானுஜன் கதையையும் இந்தக் கண்கொண்டு பார்க்க வேண்டும். 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் எழுதுவதற்கு முன் இராமானுஜனைக் காத்தவர் யார்? இந்தியக் கணிதச் சங்கத்தை 1907இல் தோற்றுவித்த வி. இராமசாமி ஐயர், நெல்லூர்க் கலெக்டர் ஆர். இராமச்சந்திர ராவ், சென்னைத் துறைமுக அலுவலகத்தில் இராமானுஜனுக்கு மேலதிகாரியாக இருந்த எஸ். நாராயண ஐயர். இவர்களின் பெயரால் உலகப் புகழ் பெற்ற தேற்றம் எதுவும் இல்லை. எனினும், எதிரே நிற்பவன் யார் என்று கண்டுகொள்ளும் அளவுக்கு இவர்கள் கணிதம் அறிந்திருந்தனர். அந்த அறிவு இல்லையேல் ஹார்டிக்கு அக்கடிதமே சென்றிராது.

இனி நம் நகரத்திற்கு வருவோம். 1949இல் ஹோமி பாபாவின் அழைப்பை ஏற்று, கே. சந்திரசேகரன் பிரின்ஸ்டனிலிருந்து டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்திற்கு வந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர் அவர். பின்னர் கே. ஜி. இராமநாதனும் சேர்ந்தார். அப்போது அக்கழகம் கொலாபாவில் இப்போதுள்ள கட்டடத்தில் இல்லை. கேட்வே அருகே பழைய யாட் கிளப் கட்டடத்தில் இருந்தது. 1953இல் சென்னை இலயோலாக் கல்லூரியில் பயின்ற இரு இளைஞர்கள் அங்கே ஆராய்ச்சி மாணவர்களாகச் சேர்ந்தனர். ஒருவர் வட ஆர்க்காட்டுத் தண்டரையில் பிறந்த எம். எஸ். நரசிம்மன், மற்றவர் காஞ்சியில் பிறந்து செங்கற்பட்டில் வளர்ந்த சி. எஸ். சேஷாத்ரி. சேஷாத்ரிக்கு 1958இல் டாக்டர் பட்டம் வழங்கியது பம்பாய்ப் பல்கலைக் கழகமே.

1965இல் இருவரும் சேர்ந்து ஒரு தேற்றத்தை வெளியிட்டனர். இயற்கணித வடிவியலில் ஒரு வகைப் பொருள்களையும், இடவியலிலிருந்து எழும் வேறொரு வகைப் பொருள்களையும் அது ஒன்றோடொன்று பொருத்திக் காட்டியது. ஒரே ஆற்றின் இரு கரைகளில் முகமறியாது வாழ்ந்த இரண்டு ஊர்களுக்குப் பாலம் கட்டியது போன்ற செயல் அது. பின்னர் இயற்பியலாரும் வடிவியலாரும் அந்தப் பாலத்தின் மேல் நடந்தனர். நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம் என்று உலகம் இன்றும் அதை அழைக்கிறது. இருவருக்கும் அப்போது வயது 33.

ஹார்டியின் கணக்குப்படி இத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. சேஷாத்ரி 1984இல் சென்னைக் கணித அறிவியல் கழகத்திற்குச் சென்றார். 1989இல், தம் 57ஆம் வயதில், ஸ்பிக் விஞ்ஞான நிறுவனத்தின் ஆதரவில் ஒரு கணிதப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே இன்று சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதக் கழகம். நாட்டின் பெரிய ஆராய்ச்சி நிலையங்களில் ஆராய்ச்சியாளர் ஒருபுறம் இருக்க, இளநிலை மாணவர் வேறொருபுறம் கல்லூரிகளில் குறிப்பேடு எழுதிக்கொண்டிருந்தனர். ஆராய்ச்சி செய்பவரே பள்ளி முடித்து வரும் பதினெட்டு வயது மாணவருக்கு நேரே கற்பிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1998இல் இளநிலைப் படிப்புத் தொடங்கியது. அப்போது பட்டம் வழங்கும் உரிமை அக்கழகத்திற்கு இல்லை. மத்தியப் பிரதேசத்தின் போஜ் திறந்தநிலைப் பல்கலைக் கழகத்தின் வழியாகப் பட்டம் பெறச் செய்தனர். 2006இல்தான் நிகர்நிலைப் பல்கலைக் கழகத் தகுதி கிடைத்தது. பட்டத்தின் மதிப்பு என்னவாகுமோ என்று அஞ்சாமல் முதலில் வந்து சேர்ந்த மாணவரும் போற்றத்தக்கவரே.

சேஷாத்ரி பிறந்தது 1932 பிப்ரவரி 29. நான்காண்டுக்கு ஒருமுறை வரும் நாள். பிறந்தநாட் கணக்குப்படி பார்த்தால், புதிய பள்ளியைத் தொடங்கியபோது அவருக்கு வயது 14! வேடிக்கைக் கணக்குத்தான், எனினும், ஆண்டுக் கணக்கைவிட இதுவே அவருக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. கர்நாடக இசையில் ஆழ்ந்த பயிற்சி உடையவர், பாடுவதைக் கைவிடவில்லை. கணிதத்தையும் கைவிடவில்லை. 2020 ஜூலை 17இல் அவர் மறைந்தபோது எஞ்சி நின்றவை தேற்றங்கள் மட்டும் அல்ல. கணிதம் கற்கும் இளைஞர் கூட்டம் ஒன்றும் நின்றது. அவருடைய தோழர் நரசிம்மனும் அவ்வாறே. தேசிய உயர்கணித வாரியத்தின் முதல் தலைவராக இருந்து நாடெங்கும் கணித ஆராய்ச்சிக்கு வழி அமைத்தார். 1990களில், அறுபது வயதில், இத்தாலியின் திரியெஸ்தே நகரில் அப்துஸ் சலாம் நிறுவிய மையத்தில் கணிதப் பிரிவுக்குத் தலைமை ஏற்று, வளரும் நாடுகளின் கணித இளைஞர்களுக்குத் துணை நின்றார். 2021இல் மறைந்தார்.

இந்த இருவருக்கும் பின்னால் ஒருவர் நிற்கிறார். அவர் அருள்தந்தை இரசீன். பாரிசில் எலி கார்ட்டானிடம் பயின்ற அந்தப் பிரெஞ்சுத் துறவி 1937இல் தமிழ்நாட்டிற்கு வந்து, 1976இல் மறையும்வரை நம்மோடு வாழ்ந்தார். பழைய தேர்வுக் கணிதத்திலேயே சென்னை மூழ்கிக் கிடந்த காலத்தில், உலகில் புதிதாக எழுந்த கணிதத்தை இலயோலாவின் வகுப்பறைக்குள் கொண்டு வந்தார். சேஷாத்ரி, நரசிம்மன், இராகவன் நரசிம்மன், சி. பி. இராமானுஜம் ஆகியோர் அவரிடம் பயின்று மும்பைக்கு வந்தவர்களே. இரசீனின் வாழ்வை ஹார்டியின் தராசில் இட்டால் எடை குறையும். எனக்கோ அந்தத் தராசின்மேல்தான் ஐயம் எழுகிறது.

'இவர்கள் எல்லாம் மேதைகள். எளியவர் கதை சொல்' என்பீர்களாயின், பி. கே. சீனிவாசன் இருக்கிறார். சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியர். பல்கலைக் கழகப் பேராசிரியர்கள் செய்யாது விட்ட வேலையை அவர் செய்தார். இராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தோரின் நினைவுகளையும் தேடித் திரட்டி 1968இல் நூலாக்கினார். ஓய்வு பெற்றபின் இராயபுரத்தில் 1993இல் இராமானுஜன் காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் உருவாகக் காரணமானார். காகிதம் மடித்தும் கட்டங்கள் வரைந்தும் குழந்தைகளுக்குக் கணிதம் காட்டுவதே 2005இல் மறையும் வரை அவர் தொழில். அவ்வாழ்வில் வெறுமைக்கு இடம் ஏது?

இங்கே இரண்டு மறுப்புக்கள் எழும். முதலாவது, வயிறு. "தோழமையும் புரிதலும் சோறு போடுமா?" போடா. இராமானுஜனும் மாதம் 30 ரூபாய்க்குத் துறைமுகக் குமாஸ்தாவாகத்தான் 1912இல் அமர்ந்தார். குடும்பத்தின் சுமையைத் தாங்கவேண்டிய மாணவர் வேலைக்குப் போவதை இழிவாகப் பேச யாருக்கும் உரிமை இல்லை. நான் சொல்வது வேறு. வேலைக்குப் போகும் கணிதப் பட்டதாரி, கணிதத்தைப் புகைவண்டி நிலையத்திலேயே இறக்கி வைத்துவிட்டுப் போகவேண்டும் என்று யார் விதித்தார்? துறைமுக அலுவலகத்து நாராயண ஐயர் அவ்வாறு இறக்கி வைக்கவில்லை. கலெக்டர் இராமச்சந்திர ராவும் வைக்கவில்லை. பிழைப்பு ஒன்று, வாழ்வு ஒன்று. முன்னது பின்னதைத் தாங்க வேண்டும், விழுங்கக் கூடாது.

இரண்டாவது மறுப்பு கனமானது. "நீ சொன்ன அறிஞர் பலரும் ஏற்கெனவே கல்வி புகுந்திருந்த வீடுகளில் பிறந்தவர்கள். சேஷாத்ரியின் தந்தை வழக்கறிஞர். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். எனக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" இதை மழுப்பக் கூடாது. தாராவிக்கும் மாதுங்காவிற்கும் இடையே இருப்புப்பாதை மட்டுமா கிடக்கிறது? தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த கல்வியின் ஏற்றத்தாழ்வும் கிடக்கிறது. ஆனால், இதிலிருந்து பெறும் முடிவு 'கணிதம் நமக்கு வேண்டா' என்பதன்று. 'கதவு இன்னும் திறக்கப்படவில்லை' என்பதே. நிலத்தைப் போலக் கணிதத்திற்கு வேலி இட முடியாது. ஒருவர் பெற்றதால் மற்றொருவர்க்குக் குறைவதில்லை. ஆனால், வழிகாட்டுவார் இல்லையேல் திறந்த வெளியும் காடுதான். இரசீன்களும் சீனிவாசன்களும் எங்கே இல்லையோ, அங்கேதான் அவர்களின் தேவை மிகுதி.

ஆகவே, இம்மன்றத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். நாம் பொங்கல் விழா எடுக்கிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம். நன்று. எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியது நம் மரபு. எழுத்து என்னும் கண்ணுக்கு இத்தனை மைதீட்டும் நாம், எண் என்னும் கண்ணை மூடி வைத்திருப்பது முறையா? ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம், தாராவியில் ஒரு வகுப்பு நடத்துவோம். அது தேர்வுக்குத் தயார் செய்யும் வகுப்பாக இருத்தலாகாது. அதற்குத் தெருவுக்குத் தெரு கடைகள் உள்ளன. வாரம் ஒரு நிரூபணம், அதுவும் தமிழில். மதிப்பெண் கிடையாது. 'ஏன்?' என்று கேட்பவருக்கே முதலிடம். ஆசைப்படும் மாணவருக்கு மான்கூர்டில் உள்ள ஹோமி பாபா விஞ்ஞானக் கல்வி மையத்தையும், அது நடத்தும் கணித ஒலிம்பியாடுகளையும் பற்றி எடுத்துச் சொல்வோம்.

கற்பிக்க ஆள் எங்கே என்கிறீர்களா? செம்பூரிலும் மாதுங்காவிலும் ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியர், பொறியாளர், டிராம்பே அணுசக்தி நிலையத்தில் பணிபுரிந்தோர் எத்தனை பேர்! காலையில் பூங்காவில் நடந்துவிட்டு, நாளிதழை இருமுறை படித்துவிட்டு, மாலையை எதிர்நோக்கி அமர்ந்திருக்கும் அந்தப் பெரியோரை நாம் சென்று அழைக்க வேண்டும். ஒருபுறம், சொல்ல நிறைய இருந்தும் கேட்பார் இல்லாத முதியோர். மறுபுறம், கேட்க நிறைய இருந்தும் சொல்வார் இல்லாத சிறுவர். இவ்விரு சாராருக்கும் நடுவே நிற்பவர் நாம். சேஷாத்ரியும் நரசிம்மனும் கட்டிய பாலத்தைப் போல ஒன்றை நம்மால் கட்ட முடியாது போகலாம். இந்தப் பாலத்தைக் கட்ட முடியாதா?

வாழ்வின் பொருள் பற்றித் தத்துவ நூல்கள் பல பேசுகின்றன. கணிதம் அதைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை. ஆனால் சில பழக்கங்களைத் தருகிறது. நிரூபிக்காததை நிரூபித்ததாகச் சொல்லாமை ஒன்று. விளங்காத ஒன்றின்முன் நாட்கணக்கில் பொறுமையோடு அமர்ந்திருத்தல் ஒன்று. எதிரே இருப்பவர் சிறுவராயினும் அவர் காட்டும் காரணம் சரியானால் பணிதல் ஒன்று. இம்மூன்றும் உடையவர் அலுவலகத்தில் இருந்தாலும், கடையில் இருந்தாலும், சட்டமன்றத்தில் இருந்தாலும் நாட்டுக்கு நலமே. இவற்றை இன்னொருவருக்கும் பழக்கிவிட்டுச் செல்பவர் வீணாக வாழ்ந்தவர் ஆகார்.

'இதைப் படித்து என்ன பயன்?' என்று இனி யாரேனும் கேட்டால், சம்பளத்தைக் காட்டி மயக்கவும் வேண்டா. சிகரத்தைக் காட்டி மிரட்டவும் வேண்டா. "அரைமணி நேரம் உட்காருங்கள், பகா எண்கள் ஏன் முடிவதில்லை என்று சொல்லுகிறேன்" என்று கூறுவோம். அவர் முகத்தில் விளக்கம் தோன்றுகின்ற அந்த நொடியே நம் விடை.

வரும் ஞாயிறே தொடங்குவோம், தோழர்களே!